படிக்கு 23 ரூபாய்

திருத்தணியில் ஒரு வீட்டில் இரண்டாவது கார் இருந்தால் ஊரே அதைக் கேட்கும். ஆடிக் கிருத்திகைக்கு வந்தவர்கள் கேட்பார்கள், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் கேட்பார்கள், திருப்பதி தரிசன டிக்கெட் கிடைத்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு வந்து கதவைத் தட்டுவார். 'மாசம் நாலு சவாரி போனா தவணை கட்டிடலாம்' என்று உங்களில் பலர் கணக்குப் போடுகிறீர்கள். நானும் ஒரு காலத்தில் போட்டேன். அந்தக் கணக்கில் நான் எழுதாமல் விட்ட வரிகள் இவை.

1. பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்றொரு பத்தி இருக்கும். பிரீமியத் தொகையைப் பார்க்கும் முன் அதைப் படியுங்கள். வெள்ளை போர்டு காரின் பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் காப்பீடு இல்லை என்று அங்கே எழுதியிருக்கும். எப்போதாவது ஒரு சவாரி என்றால் பரவாயில்லை என்று எங்கும் எழுதியிருக்காது.

2. இரவல் வேறு, வாடகை வேறு. செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள நண்பர் உங்கள் சம்மதத்துடன், காசு கொடுக்காமல் எடுத்துப் போனால் அது பாலிசிக்குள் அடங்கும். கிலோமீட்டருக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பேசிய நிமிடமே அது வாடகை. காசு கொடுப்பவர் உங்கள் மாமனே ஆனாலும் வாடகைதான்.

3. பொய் சொல்லச் சொல்லி யாரையும் அனுப்பாதீர்கள். பல வருஷங்களுக்கு முன் என் வெள்ளை போர்டு காரை, தெரிந்த குடும்பம் ஒன்றின் திருப்பதிப் பயணத்துக்கு அனுப்பினேன். புத்தூர் பக்கம் லாரியின் பின்னால் மோதியது. ஒரு பெரியம்மாவுக்குக் கை முறிந்தது. 'கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லு' என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேன். அவன் அப்படியே சொன்னான். பின்சீட்டில் இருந்த சிறுவனோ காப்பீட்டு சர்வேயரிடம் வாடகைத் தொகையைச் சொல்லிவிட்டான். க்ளெய்ம் தள்ளுபடியானது. உண்மை பேசிய ஒரு குழந்தைமீது அன்று எனக்குக் கோபம் வந்தது. பணம் போனதைவிட அந்தக் கோபத்தை நினைத்துத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

4. கோர்ட்டுக்குப் போனால் முழுத் தொகையும் கிடைத்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். டாக்சியாக ஓட்டப்பட்டபோது பறிபோன ஒரு தனியார் வண்டிக்கு உச்ச நீதிமன்றம் 2008-ல் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. வாடகைக்கு விட்ட இன்னொரு காருக்கு 2010-ல், 5 லட்சம் கேட்ட இடத்தில் 2.5 லட்சம் கிடைத்தது. இரண்டு உரிமையாளர்களும் டெல்லி வரை வழக்காடிய பிறகே அந்தக் குறைந்த தொகையைக் கண்டார்கள்.

5. தகரம் நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். ஓர் உயிர் போனால்? மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக்கான பெர்மிட் இல்லாத வண்டி வாடகைக்கு ஓடியது என்பதைக் காட்டி காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பை மறுக்கலாம். பெர்மிட் இல்லாமல் ஓடுவது அடிப்படை மீறல் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்பதே அதன் உத்தரவு. வசூலிக்க வருகிறவர்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். இதற்கு மேல், பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு.

6. வாடகைதான் நோக்கம் என்றால் போர்டை மாற்றுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் வகையை மாற்றி, எஃப்.சி., பெர்மிட், வரி எல்லாம் முடித்து, பாலிசியையும் வாடகை வண்டிக்கானதாக எழுதச் சொல்லுங்கள். 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி, 1000-க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். அதே அளவு டாக்சிக்கு 7,940 ரூபாய், அதோடு பயணி ஒருவருக்கு 978. நாலு பயணிக்கு மொத்தம் 11,852. வித்தியாசம் 8,436 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. வருஷத்தின் நாட்கள் என்று சொல்லி நாம் ஏறும் திருத்தணி மலைக்கோயில் படிகள் 365. படிக்கு 23 ரூபாய் சொச்சம். பின்சீட்டில் உட்காரும் குடும்பத்தை நினைத்து, அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

7. எல்லையை மறக்காதீர்கள். 1960 ஏப்ரல் 1 வரை நம் ஊரும் இன்று ஆந்திராவில் இருக்கும் நகரியும் ஒரே சித்தூர் மாவட்டம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடிய பிறகு நாம் தமிழகத்துக்கு வந்தோம். சம்பந்தம் பேசவும் சாமி கும்பிடவும் இன்றும் எல்லையிலுள்ள பொன்பாடியைத் தாண்டித்தான் போகிறோம். பெர்மிட்டோ அப்படித் தானாகத் தாண்டாது. மஞ்சள் போர்டு வண்டியானாலும் ஆந்திராவில் செல்லும் பெர்மிட்டும் கட்டிய வரி ரசீதும் கையில் இல்லாமல் திருப்பதி சவாரி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

8. சாவியை மட்டும் கொடுத்து, அவர்களே ஓட்டிக்கொள்ளும்படி வாடகைக்கு விடுவது வேறு தொழில். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து அதற்கான அடையாளம். 1989-ல் வந்த அந்தத் திட்டம் குறைந்தது 50 வண்டி வைத்திருப்பவர்களுக்காக வகுக்கப்பட்டது. ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு அதில் இறங்காதீர்கள்.

9. டிரைவரை மறக்காதீர்கள். சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பை பாலிசியில் சேர்க்க ஆகும் செலவு மிகச் சிறியது. உங்களுக்காக ராத்திரி கண்விழிப்பவன் அவன். அவன் லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

10. வண்டி நிற்கிறதே என்று புதுப்பிக்காமல் விடாதீர்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் க்ளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி போய்விடும். அதைவிட, ஆஸ்பத்திரி அவசரம் என்று யாராவது ஓடிவரும் இரவில் பாலிசியின் தேதியைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

11. இவ்வளவும் செய்ய மனமில்லை என்றால் அதில் தவறில்லை. வெள்ளை போர்டே இருக்கட்டும், வாடகை மட்டும் வாங்காதீர்கள். ஓட்டத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள நம்பிக்கையான ஆள் அவசரம் என்று வந்து நின்றால் சாவியைச் சும்மா கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். வண்டி திரும்பி வரும்வரை கவலையில்லாமல் தூங்க முடிகிறது.