ஒருநாளும் தவறாத குளிசை

வயலில் கோரை முளைத்தால், மேற்புல்லை வெட்டிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்பதில்லை. கிழங்கு நிலத்துக்குள் கிடக்கிறது. கவனிப்பை விட்டால் அது மீண்டும் தளிர்க்கும். எச்.ஐ.வி. கிருமியும் அத்தகையதே. இன்றுள்ள மருந்து அதை அடக்கி வைக்கிறது, வேரோடு அழிப்பதில்லை. ஆகவே மருந்தை நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். சொந்த வீட்டில் இருப்பவருக்கே இது இலகுவல்ல. இடம்பெயர்ந்து வாழ்பவர் இதை எப்படிக் காப்பாற்றுவது? அதுவே இப்பாடம்.

மருந்து செய்வது என்ன?

எச்.ஐ.வி., நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகுகிறது. அக்கலங்கள் குறையக் குறையக் காசநோய் போன்ற நோய்கள் உடலைப் பற்றிக்கொள்கின்றன. இதன் முற்றிய நிலையே எயிட்ஸ்.

1996ஆம் ஆண்டளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. அதன்பின் இந்நோய் வந்தால் மரணமே என்ற நிலை மாறியது. அன்று ஒரு நாளைக்குப் பல குளிசைகள் விழுங்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலானோருக்கு மூன்று மருந்தும் அடங்கிய ஒரே குளிசை, நாளுக்கு ஒரு தடவை போதும்.

ஒழுங்காக எடுத்தால், பொதுவாக ஆறு மாதங்களுக்குள் இரத்தப் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிடும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. தாய் ஒழுங்காகச் சிகிச்சை பெற்றால் பிள்ளையையும் காக்கலாம். இலங்கையில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவது ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது.

இடையிடையே விட்டால்?

பூச்சிமருந்தை அளவு குறைத்து அடித்தால் என்ன நடக்கும் என்பது கமக்காரருக்குத் தெரியும். மெலிந்த பூச்சி சாகும், தாக்குப்பிடித்தது பெருகும். அடுத்த போகத்தில் அதே மருந்து வேலை செய்யாது. எச்.ஐ.வி.யும் அப்படியே. இரத்தத்தில் மருந்து குறைவாக இருக்கும்போது, அதற்கு அடங்காத கிருமிகள் தப்பிப் பெருகுகின்றன. பின்பு வேறு மருந்து தேட வேண்டிவரும். முற்றாக நிறுத்தினாலோ, சில கிழமைகளிலேயே கிருமி மீண்டும் பெருகத் தொடங்கும். உடம்பு சுகமாக இருக்கிறது என்று நிறுத்துவது பெரும் தவறு. சுகமாக இருப்பதே மருந்தினால்தான்.

கென்யாவில் நடந்தது

2007 மார்கழியில் நடந்த தேர்தலுக்குப் பின் கென்யாவில் கலவரம் மூண்டது. சுமார் 6 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். அவர்களில் பலர் விவசாயக் குடும்பத்தினர். நாட்டின் மேற்குப் பகுதியில் எச்.ஐ.வி. மருந்து எடுத்துவந்த பலர் குளிசையின்றி ஓட வேண்டியதாயிற்று. பாதைகள் அடைபட்டதால் கிளினிக்குக்கும் போக முடியவில்லை. எல்டொரெட் நகரை மையமாகக் கொண்டு பணியாற்றிய சிகிச்சைத் திட்டத்தினர் நோயாளரை முகாம்களுக்குச் சென்று தேடினர். வானொலியில் அறிவித்தனர்; தொலைபேசி மூலம் உதவி கேட்கவும் வழி செய்தனர். பலர் மீண்டும் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தனர்.

இதிலிருந்து நாம் கற்பது ஒன்று. மருந்து அறுபடுவது நோயாளியின் சோம்பலால் மட்டுமல்ல. பாதையும் பயமும் அதை அறுக்கின்றன. ஆகவே அதைத் தொடரச் செய்வதும் பலர் கூடிச் செய்யும் வேலையாகும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. தினமும் செய்யும் ஒரு வேலையோடு குளிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலைத் தேநீரோ, இரவில் விளக்கு வைக்கும் நேரமோ எதுவாயினும் சரி.

2. ஒரு வேளை தவறினால், நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்க வேண்டாம்.

3. குளிசையை அதன் போத்தலிலேயே இறுக மூடி வையுங்கள். உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறிய வேண்டாம். தகரக் கூரைக்குக் கிட்டவும், ஈரம் படும் இடத்திலும் வைக்கக் கூடாது.

4. கிளினிக் அட்டையையும் சில நாட்களுக்கான குளிசையையும் அடையாள அட்டையுடன் ஒரே பையில் வைத்திருங்கள். அவசரமாகப் புறப்பட நேர்ந்தால் கையில் முதலில் எடுக்க வேண்டியது அந்தப் பையே.

5. புதிய இடத்துக்குப் போனால், மருந்து முடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தை விசாரியுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

6. காசநோய் மருந்து, இரும்புச்சத்து அல்லது கல்சியம் குளிசை, வயிற்றெரிவு மருந்து என்பவை சில எச்.ஐ.வி. மருந்துகளின் வலுவைக் குறைக்கும். வேறு எதை எடுத்தாலும் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

7. மருந்தால் ஆயுள் நீள்கிறது. வயதோடு வரும் நோய்களும் வரும். இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரகம் ஆகியவற்றையும் கிளினிக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைத்தலை விடுவது நல்லது.

அயலவர் செய்யக்கூடியது

ஒரே கூடாரத்தில் பலர் வாழுமிடத்தில் குளிசைப் போத்தல் ஒன்றை மறைக்க இடமில்லை. “இது என்ன மருந்து?” என்று யாராவது கேட்பார்களோ என்ற பயத்தினால் அன்றைய குளிசையை விட்டுவிடுபவர் உண்டு. அந்தப் பயத்தை உண்டாக்குவது நமது வாய்ப்பேச்சே. ஒன்றாக உண்பதாலோ, ஒரே கிணற்றில் குளிப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. பிறரின் மருந்தைப் பற்றிக் கேளாமலும் பேசாமலும் இருப்பதும் ஓர் உதவியே. கிளினிக் நாளில் ஒருவரின் பிள்ளையையோ ஆட்டையோ, எங்கே போகிறீர்கள் என்று கேளாமல் பார்த்துக்கொள்வது இன்னும் பெரிய உதவி.

குழுவாகக் கலந்துரையாட

1. நாள்தோறும் மருந்து எடுக்கும் ஒருவருக்கு எமது குடியிருப்பில் உள்ள தடைகள் யாவை?

2. இங்கிருந்து கிளினிக்குக்குப் போய்வர எவ்வளவு நேரமும் செலவும் ஆகும்? அதை எப்படிக் குறைக்கலாம்?

3. ஒருவரின் நோயைப் பற்றிய கதை எம்மிடம் வந்தால், அது எம்மோடு நிற்க நாம் என்ன செய்யலாம்?