நான்கு வருடம் தாங்க வேண்டும்: முதல் கம்ப்யூட்டர் வாங்கும் பிள்ளைகளுக்கு

ஜூன் மாதம் வந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒரு பிள்ளை என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். பிளஸ் டூ முடிந்திருக்கும், கல்லூரியில் இடம் ஏறக்குறைய உறுதியாகியிருக்கும், கையில் ஒரு தொகை இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்பதில்லை. எங்கள் விழுப்புரம் பக்கத்தில் அது பெரும்பாலும் சீட்டுப் பணமாக இருக்கும், இல்லையென்றால் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போயிருக்கும். இருபத்தைந்து வருடமாக இந்தப் பிள்ளைகளுக்குப் பாகம் பாகமாகப் பார்த்து டெஸ்க்டாப் பூட்டிக் கொடுத்து வருகிறேன். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: இந்த மெஷினுக்காகப் படிப்பு முடியும்வரை நீ வீட்டில் இன்னொரு முறை கைநீட்டக் கூடாது.

1. டெஸ்க்டாப் உனக்கு வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய். விடுதியில் தங்கப் போகிறவர்களுக்கு வேண்டாம். நாலைந்து பேர் இருக்கும் அறையில் மானிட்டரை எங்கே வைப்பாய்? வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குத்தான் இது சரி. அவர்களுக்கு நான் லேப்டாப்பைவிட டெஸ்க்டாப்பையே சொல்வேன். அதே பணத்துக்கு வேகம் கூடுதல். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். இன்னொன்று, 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கையடக்கக் கணினி தருவதாக அறிவித்தார்கள். உன் கல்லூரிக்கும் உன் ஆண்டுக்கும் அது உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போ.

2. நீ என்ன படிக்கப் போகிறாய் என்பதை ஒரு காகிதத்தில் எழுது. பி.காம்., பி.ஏ., கணிதம் படிப்பவர்களுக்குச் சாதாரண மெஷினே தாராளம். பொறியியல் என்றதும் பயந்துபோய்ப் பெரிய கிராபிக்ஸ் கார்டு கேட்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவத்தில் எல்லாப் பிரிவினருக்கும் இருந்த கம்ப்யூட்டர் பாடம் பைத்தான்தான். பைத்தானுக்கும் சி மொழிக்கும் கார்டு தேவையே இல்லை. கனமான வேலை இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் வரும்.

3. பாகங்களை இரண்டாகப் பிரித்துக்கொள். பின்னால் சுலபமாகச் சேர்க்கக்கூடியவை ஒரு பக்கம்: ராம், கூடுதல் ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு. மாற்றினால் பாதி மெஷினையே பிரிக்க வேண்டியவை மறுபக்கம்: மதர்போர்டு, பிராசசர், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். இந்த இரண்டாவது வகையில் கஞ்சம் பிடிக்காதே. முதல் வகையைக் குறைவாக வைத்துத் தொடங்கினாலும் தவறில்லை. கடைக்காரர்கள் ஆசை காட்டுவது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். கண்ணாடி கேபினெட், கலர் லைட், ஆறு ஃபேன் எல்லாம் முன்னால் வரும், எஸ்.எம்.பி.எஸ். பற்றிப் பேச்சே வராது.

4. பிராசசரில் எண்ணை மட்டும் பார்க்காதே, எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பார். கார்டு இல்லாமல் தொடங்குகிறாய் என்றால் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். 5500, 5600 என்று ஜி இல்லாமல் வருபவற்றில் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெல்லில் ஐ3-12100 நல்லது. அதே எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் அதிலும் கிராபிக்ஸ் கிடையாது. ஒரு பையன் ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று எஃப் வாங்கிவந்து, திரை கறுப்பாகவே இருக்கிறது என்று இரண்டு நாள் தூங்காமல் என்னிடம் வந்தான். கடைசியில் பழைய கார்டு ஒன்றைத் தேடி வாங்கினோம். மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போனது.

ஏஎம்டியின் புதிய ஏஎம்5 வகை 2022-இல் வந்தது. இன்னும் சில வருடம் புதுப் பிராசசர்கள் அதற்கு வரும் என்பது உண்மை. ஆனால் அதில் டிடிஆர்5 ராம் மட்டுமே போடலாம், போர்டும் விலை அதிகம். கையில் இருப்பது குறைவு என்றால் மேலே சொன்ன 5600ஜி உட்காரும் பழைய ஏஎம்4 வகையே போதும் என்பது என் தீர்ப்பு. கல்லூரி முடியும்வரை அது தளராது.

பிராசசரைப் பெட்டியோடு வாங்கு. பெட்டி இல்லாமல் ‘ட்ரே’ என்று தனியாக விற்பதில் நிறுவனத்தின் மூன்று வருட வாரண்டி கிடையாது, கூலரும் வராது.

5. ‘ஐ7, 16 ஜிபி, புத்தம் புதுசு’ என்று நம்ப முடியாத விலையில் விற்கும் மெஷினைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். எத்தனையாவது தலைமுறை என்று கேள். ஐ7-2600 என்பது 2011-இல் வந்தது. கேபினெட்டும் போர்டும் புதிதாக இருக்கும், உள்ளே இருக்கும் பிராசசருக்குப் பதினைந்து வயது. அதற்கும் நான் மேலே சொன்ன ஐ3-12100-க்கும் கோர் நான்குதான், த்ரெட் எட்டுதான். ஆனால் வேகத்தில் ஐ3 அதை வெகுதூரம் முந்திவிடும். இந்த வலையில் விழுகிறவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். அதனால்தான் எனக்கு இதில் கோபம்.

6. மதர்போர்டு: ஏஎம்4-க்கு பி550 கிடைத்தால் நல்லது, முடியாவிட்டால் ஏ520. இன்டெல்லுக்கு எச்610 போதும். அதில் ராம் ஸ்லாட் இரண்டுதான் இருக்கும். டிடிஆர்4 வகையா, டிடிஆர்5 வகையா என்று பெட்டியில் பார்த்து எடு. ஒன்றின் ராம் மற்றதில் உட்காராது. மலிவான போர்டுகளில் வைஃபை இருக்காது. யு.எஸ்.பி. வைஃபை ஒன்றைச் சேர்த்து வாங்கிக்கொள், இல்லையென்றால் போனைக் கேபிளில் இணைத்துச் சமாளிக்கலாம்.

7. ராம் 16 ஜிபி என்று வைத்துக்கொள். அதை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்கு. உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசசருக்குத் தனி மெமரி கிடையாது, ராமையே பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு குச்சி இருந்தால் இரண்டு வழியில் தரவு போகும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் 16-க்குப் பணம் எட்டாவிட்டால் ஒரு 8 ஜிபி குச்சியோடு தொடங்கி, பின்னால் அதே மாதிரி இன்னொன்று சேர். ராம் சீக்கிரம் கெடுகிற பொருள் இல்லை. தெரிந்தவரிடம், போட்டுச் சோதித்துப் பார்த்து, பழையதாகவே வாங்கலாம்.

8. எஸ்.எஸ்.டி. கட்டாயம், 500 ஜிபி போதும். என்விஎம்இ வகையாகப் பார்த்து வாங்கு. அதே நீளக் குச்சி வடிவத்தில் சாட்டா வகையும் வருகிறது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சாட்டா நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பிக்கு மேல் போகாது, சாதாரண என்விஎம்இ அதைப்போல் பல மடங்கு போகும். பழைய எஸ்.எஸ்.டி. வாங்காதே. எழுத எழுதத் தேய்கிற பொருள் அது.

9. இப்போது எஸ்.எம்.பி.எஸ். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றே வைத்துக்கொள்.

2009-இல் என் அக்கா மகனுக்கு ஒரு மெஷின் பூட்டினேன். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்ஸையே போட்டேன். நல்லதாக வாங்கியிருந்தால் கூடுதலாக ஒன்றரை ஆயிரம் ஆகியிருக்கும். மூன்றாவது வருடம் ஐப்பசியில் ஒரு மாலை கரண்ட் போய்த் திரும்பி வந்தது. பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாசனை. போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போயின. ஹார்ட் டிஸ்க்கில் அவனுடைய இறுதியாண்டு புராஜெக்ட் இருந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதன்பிறகு எந்த எஸ்.எம்.பி.எஸ்ஸையும் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிக்காமல் நான் வாங்கியதில்லை. நீயும் படி. ‘+12வி’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழே ஆம்பியர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கு. பிராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைக்கும் வாட்ஸ் அதுதான். 450 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 192 வாட்ஸ். அதை வைத்துவிட்டு வா. நல்ல 450 வாட்ஸில் 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும். ‘80 பிளஸ்’ முத்திரை உள்ளதாக, அறிந்த நிறுவனத்துடையதாக 450 அல்லது 550 வாட்ஸ் எடு. கார்டு இல்லாத உன் மெஷின் 150 வாட்ஸைத் தாண்டுவதே அரிது. மீதி, பின்னால் வரப்போகும் கார்டுக்கான இடம்.

வீட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடு. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். எவ்வளவு நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸாலும் அதை ஈடுகட்ட முடியாது.

10. கிராபிக்ஸ் கார்டை முதல் வருடம் வாங்காதே. மெக்கானிக்கல், கட்டடக்கலைப் பிள்ளைகளுக்கு மூன்றாம் ஆண்டில் தேவைப்படலாம். ஏ.ஐ. படிப்பவர்கள் என்விடியா வேண்டும் என்பார்கள். குடா என்ற மென்பொருள் அடித்தளம் என்விடியாவில் மட்டும் ஓடும் என்பதால் அது நியாயம்தான். ஆனாலும் தொடக்கப் பயிற்சிக்குக் கூகுள் கொலாப் இலவசமாகவே ஜிபியு தருகிறது. அங்கே கை பழகிய பிறகு, உனக்கு எது போதும் என்று உனக்கே தெரிந்துவிடும்.

11. மானிட்டர் இரண்டு கம்ப்யூட்டர் காலம் உழைக்கும். 22 அல்லது 24 அங்குலம், ஐபிஎஸ் பேனல், 1920-க்கு 1080. வருடக்கணக்காக உன் கண் பார்க்கப்போவது இதைத்தான். யு.பி.எஸ். 600 விஏ போதும். கரண்ட் போனால் சேமித்துவிட்டு அணைக்கிற நேரம் கிடைத்தால் சரி. இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கு, இணையக் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கு.

12. ஆபீஸில் கழித்த டெல், எச்பி மெஷின்களை நான் தள்ளமாட்டேன். கை மிக இறுக்கமாக இருப்பவர்களுக்கு அவை வரப்பிரசாதம். ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. இவற்றில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ். அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும். கெட்டால் சந்தையில் கிடைப்பது பொருந்தாது.

13. விண்டோஸுக்குப் பணம் இல்லையென்றால் திருட்டுப் பிரதி போடாதே, அதோடு வைரஸும் வரும். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு இலவசம். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளுக்கு அதைப் பழகுவது படிப்பிலேயே ஒரு பாகம். சாலிட்வொர்க்ஸ் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் விண்டோஸ் தவிர்க்க முடியாதது. ஆட்டோகேட், மாணவர் என்ற சான்றோடு பதிந்தால் இலவசமாகவே கிடைக்கும்.

14. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறாய் என்றால் வார நாளில் போ, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நாங்கள் காலை ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, மாலைக்குள் வேலையை முடித்துக்கொண்டு திரும்புவோம். பாகங்களின் முழுப் பெயரை, மாடல் எண்ணோடு, எழுதி எடுத்துக்கொண்டு போ. மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கு. அதற்குமுன் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதே. “அது ஸ்டாக் இல்லை தம்பி, அதே மாதிரி இது இருக்கு” என்றால் நின்று யோசி. சொந்த ஊரில் நல்ல கடை இருந்து, விலை சில நூறு ரூபாய் கூடினாலும் அங்கேயே வாங்கலாம். பழுது என்று வந்தால் ஓடிப்போய் நிற்க முடியுமே.

15. முடிந்தால் நீயே பூட்டு. ஆண்பிள்ளை பெண்பிள்ளை வித்தியாசம் இதில் இல்லை. என்னிடம் வந்தவர்களில் மிக நேர்த்தியாகக் கேபிள் கட்டியது ஒரு பெண்தான். போர்டுக்குப் பின்னால் வரும் தகடு முதலில், போர்டு அப்புறம். ராம் இரண்டு என்றால், நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடு. பிராசசருக்கான தனி எட்டு பின் கேபிளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஃபேன் சுற்றும், திரையில் படம் வராது. ஏஎம்4-இல் கூலரைக் கழற்ற நேர்ந்தால் மெல்லத் திருகிக் கழற்று. நேராக இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும்.

16. ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கு. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதே. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார். வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, பில்லையும் காலிப் பெட்டிகளையும் அம்மாவிடம் கொடுத்துப் பரணில் வைக்கச் சொல். வாரண்டி முடியும்வரை அந்தப் பில் தேவைப்படும்.