திருப்பிக் கொடுக்க முடியாத கூடு

பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக் கொண்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

கையால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கலாம். இயந்திரம் இடித்துப் புதைத்த கூட்டை யார் திருப்பிக் கொடுப்பது?

இங்கிலாந்தின் மணற்குவாரிகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் மணல் தகைவிலான் குருவி, வசந்தத்தில் அங்கு வந்து, செங்குத்தான மணற்சுவரில் வளை குடைந்து முட்டையிடுகிறது. குருவி குடியிருக்கும் கூட்டை வேண்டுமென்றே அழிப்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆகவே விவரமறிந்த குவாரிக்காரர்கள், குருவி வருமுன்பே, வெட்ட வேண்டிய சுவரைச் சரிவாக்கி விடுகிறார்கள். சரிவில் அது குடையாது. வேலை நடக்காத பக்கத்தில் ஒரு சுவரைச் செங்குத்தாகவே விட்டு வைக்கிறார்கள். மீறிக் குடைந்துவிட்டால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பக்கம் தொடுவதில்லை.

தோண்டி முடித்த குழியும் வீணல்ல. கேம்பிரிட்ஜ்ஷயரின் நீடிங்வொர்த் குவாரியில் அதனை ஆழமற்ற நீர்நிலையாக்கி நாணல் வளர்க்கிறார்கள். 1997-இல் பிரிட்டன் முழுவதிலும் 11 ஆண் பறவைகளின் குரல் மட்டுமே கேட்ட நாணற்கொக்கு, பின்னர் அங்கே குடியேறியது.

பிழைப்புக்காக மண் வெட்டுவது தவறன்று. எங்கே, எப்போது வெட்டுவது என்று முன்னரே எண்ணிப் பார்ப்பதே இரக்கம். வாசகர்களே! மரம் வெட்டுமுன், கூரை பிரிக்குமுன், ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.