எரிபொருள் மின்கலமும் தொம்மலூரின் கணக்கும்

பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில் தொம்மலூர் அமைந்துள்ளது. அலுவலகக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் பகுதி இது. ஷராவதிப் புனல்மின் நிலையம், ராய்ச்சூர் அனல்மின் நிலையம் போன்ற தொலைதூர நிலையங்களிலிருந்து வரும் மின்சாரமே இந்நகரை இயக்குகின்றது. அது தடைப்படும் வேளையில், கட்டடங்களின் பின்புறத்தில் உள்ள டீசல் ஜெனரேட்டர்கள் முழங்கத் தொடங்குகின்றன. அவற்றின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்ணிய கரித்துகள்களும் உள்ளன. சாலையில் ஓடும் டீசல் வாகனங்களும் இவற்றையே உமிழ்கின்றன.

இவ்விரண்டுக்கும் மாற்றாக அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது ஹைட்ரஜனால் இயங்கும் எரிபொருள் மின்கலம் ஆகும். அதிலிருந்து வெளியேறுவது நீர் மட்டுமே என்பர். மின்கலத்தின் வாயிலில் நின்று பார்ப்பவருக்கு இக்கூற்று முற்றிலும் உண்மை. ஆயினும் அந்த ஹைட்ரஜன் எவ்வழியே வந்தது என்று பின்னோக்கிப் பார்க்கும்போதுதான் உண்மையான கணக்கு தொடங்குகின்றது.

மின்கலம் செயற்படும் விதம்

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. இதன் மறுதலையே எரிபொருள் மின்கலம். வேல்ஸைச் சேர்ந்த வில்லியம் குரோவ் 1839ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்து காட்டினார். இன்று பரவலாகப் பயன்படும் வகையில், இரு மின்முனைகளுக்கு இடையே மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. ஒரு புறத்தில் செலுத்தப்படும் ஹைட்ரஜன், பிளாட்டினம் வினையூக்கியின் மீது புரோட்டான்களாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரிகின்றது. சவ்வு புரோட்டான்களை மட்டுமே கடக்க விடும். எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியே சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் நமக்கு மின்சாரம் கிடைக்கின்றது. மறுபுறத்தில் இரண்டும் பிராணவாயுவுடன் சேர்ந்து நீராகின்றன.

இங்குத் தீச்சுடர் இல்லை; உந்துதண்டும் இல்லை. ஒரு கலம் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.7 வோல்ட் மட்டுமே. ஆதலின் நூற்றுக்கணக்கான கலங்களை அடுக்கிப் பயன்படுத்துகின்றனர். ஹைட்ரஜனில் அடங்கிய ஆற்றலில் சுமார் பாதி மின்சாரமாகும். எஞ்சியது வெப்பமாக வெளியேறும்.

விண்வெளித் துறை இதன் பயனை முதலில் உணர்ந்தது. 1965இல் ஜெமினி கலங்களிலும், பின்னர் அப்பல்லோ கலங்களிலும் மின்சாரம் தந்தவை எரிபொருள் மின்கலங்களே. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், 2024 ஜனவரி 1ஆம் நாள் செலுத்திய பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டின் இறுதிக் கட்டத்தில் இத்தகைய மின்கலம் ஒன்றைச் சோதித்தது. 350 கிலோமீட்டர் உயரத்தில் அது 180 வாட் மின்திறன் தந்தது. விண்வெளியில் எடையே முதற்கவலை. எரிபொருளின் விலை அங்கு இரண்டாம் பட்சம். தொம்மலூரில் நிலைமை அவ்வாறன்று.

ஹைட்ரஜனின் பிறப்பிடம்

இந்தியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலைகளும் ஆண்டுக்குப் பல லட்சம் டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன. இதில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுவது. அம்முறையில் 1 கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியாகின்றது. நகரப் பேருந்து ஒன்று 1 கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஓடும் எனக் கொண்டால், கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ கரியமில வாயு அதன் கணக்கில் சேரும். டீசல் பேருந்தின் புகைக்குழாயிலிருந்து வருவதோ சுமார் 0.7 கிலோ! பேருந்தின் பின்னால் நடப்பவருக்கு நன்மை உண்டு. புவியின் வெப்பத்துக்கு இல்லை.

நீரை மின்னாற்பகுப்பு செய்தால் இக்குறை நீங்குமா? 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை. நம் நாட்டு மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கே பெரிது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு அதனால் உண்டாகின்றது. அம்மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் தயாரித்தால் கிலோவுக்கு 35 கிலோவுக்கு மேல் கரியமில வாயு ஏற்படும். இது இயற்கை வாயு முறையைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். எனவேதான் 2023 ஆகஸ்டில் இந்திய அரசு பசுமை ஹைட்ரஜனுக்கு இலக்கணம் வகுத்தபோது, கிலோவுக்கு 2 கிலோ கரியமில வாயு என்னும் உச்ச வரம்பை விதித்தது. சூரிய ஒளி, காற்று போன்றவற்றிலிருந்து பெறும் மின்சாரமின்றி மின்னாற்பகுப்பு இவ்வரம்புக்குள் அடங்காது. அதே ஆண்டு ஜனவரியில் ரூ. 19,744 கோடியில் ஏற்கப்பட்ட தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியையும், அதற்கென 125 ஜிகாவாட் புதிய புதுப்பிக்கத்தக்க மின்திறனையும் இலக்காகக் கொண்டுள்ளது.

நீர்ப் பஞ்சத்தை 2024 கோடையில் கண்ட பெங்களூரில், இத்தொழில் நீரைக் குடித்துவிடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. வேதியியல் கணக்குப்படி 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீர் போதும். தூய்மைப்படுத்தவும் குளிர்விக்கவும் மேலும் வேண்டும். 9 லிட்டர் என்றே கொண்டாலும், மேற்கூறிய 50 லட்சம் டன்னுக்கு வேண்டிய நீர், ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு முன்பு பெங்களூர் பெற்றுவந்த காவிரி நீரில் ஏறத்தாழ ஒரு மாத அளவேயாகும். உற்பத்தி நிலையத்தை எங்கு அமைப்பது என்பதில் நீருக்கு இடமுண்டு. ஆனால் பெருந்தடை மின்சாரமே.

பேருந்தும் ஜெனரேட்டரும்

சூரிய மின்சாரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதனை எப்படிச் செலவிடுவது? தொம்மலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்து 100 கிலோமீட்டர் ஓட 9 கிலோ ஹைட்ரஜன், அதாவது சுமார் 475 யூனிட் மின்சாரம் தேவை. மின்கலத்தில் நேரடியாகச் சேமித்து ஓடும் பேருந்துக்கு, இழப்பையும் சேர்த்து, 140 யூனிட் அளவே போதுமானது. பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2021 இறுதி முதல் மின்பேருந்துகளை இயக்கத் தொடங்கியது இக்கணக்குடன் பொருந்துகின்றது. தொம்மலூரில் தென்மண்டல மையத்தைக் கொண்டுள்ள டெரி ஆய்வு நிறுவனம், 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையிலும் ஏறக்குறைய இதனையே கூறியது: மிக நெடுந்தொலைவு செல்லும் கனரக வாகனங்கள் நீங்கலாக, ஏனையவற்றில் சேமிப்பு மின்கலமே வெல்லும். (அம்மையத்தின் கட்டடம் காற்றோட்டம் தானே நிகழுமாறு அமைக்கப்பட்டது. செலவிடாத யூனிட்டைவிடத் தூய யூனிட் வேறில்லை.)

ஜெனரேட்டருக்கு மாற்றாக அமைப்பதில் சிக்கல் வேறு வகையானது. 500 கிலோவாட் தேவைப்படும் கட்டடத்துக்கு ஒரு மணி நேரம் மின்சாரம் தர ஏறத்தாழ 30 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். எடை அற்பமே, ஆனால் இவ்வாயு மிக இலேசானது. தொழிற்கூடங்களில் காணப்படும் பெரிய எஃகு உருளை ஒன்றில் அரை கிலோவுக்குச் சற்று அதிகமாகவே அடங்கும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது உருளைகள்! அதே வேலையைச் செய்யும் டீசலோ ஒரு பீப்பாய்க்குள் அடங்கிவிடும். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலும் தீப்பற்றும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குப் புலப்படாது. திறந்த வெளியில் விரைந்து மேலெழுந்து கலைந்துவிடும் என்பது ஆறுதல். ஆனால் நகரக் கட்டடங்களில் ஜெனரேட்டருக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் அடித்தளமே.

எடையும் தொலைவும் பெரிதாக உள்ள இடங்களில் இம்மின்கலம் தன் தகுதியைக் காட்டுகின்றது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய ஹைட்ரஜன் படகு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் தூத்துக்குடியில் நடந்த விழாவில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயிலுக்கான பெட்டி 2025 ஜூலையில் சோதிக்கப்பட்டது. ஹரியானாவின் ஜிந்த்–சோனிபத் தடத்துக்கென அது உருவானது.

பெங்களூருக்கு அருகிலேயே கிடைக்கும் மற்றொரு வழியும் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எஸ். தாசப்பாவின் குழு, வேளாண் கழிவை நீராவியுடனும் பிராணவாயுவுடனும் வினைபுரியச் செய்து, கிடைக்கும் வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் முறையை உருவாக்கியுள்ளது. 1 கிலோ கழிவிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் கிடைப்பதாக அக்குழு அறிவித்தது. கழிவில் உள்ள ஹைட்ரஜனின் அளவைவிட இது அதிகம். நீராவியின் ஹைட்ரஜனும் உடன் சேர்வதே காரணம். இவ்வாயுவில் கார்பன் மோனாக்சைடு சிறிதளவு தங்கினாலும் மின்கலத்தின் பிளாட்டினம் செயலிழக்கும். எனவே பிரித்தெடுக்கும் கருவியின் திறனே இங்கு முதன்மையானது. 1 டன் கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பேருந்தை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் ஓட்டும். அந்த 1 டன்னை எந்த வயலிலிருந்து, மாட்டுத் தீவனத்துக்கும் அடுப்புக்கும் போக எஞ்சியதாக, என்ன விலைக்குத் திரட்டுவது என்பது மாவட்டந்தோறும் கணக்கிட வேண்டியது.