முதலில் தட்டிப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

கிராண்ட் பியானோவைப் பிரிக்கப் போவதாக எழுதியிருந்தாய். ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் இதைப் படித்துவிடு.

88 கீகளும் மேலே உள்ள சுத்தியல்களும் ஒரே மரச்சட்டத்தோடு மேசை இழுப்பறைபோல வெளியே வரும். அந்தச் சட்டம்தான் கீ பிரேம். இழுக்கும்போது ஒரு கீயிலும் விரல் படக் கூடாது. கீ அமுங்கினால் சுத்தியல் எழும். தந்தி ஆணிகள் பதிந்த பலகையின் விளிம்பில் இடித்துக் காம்பு முறியும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒன்றை முறித்திருக்கிறேன். அந்த 'டக்' இன்னும் காதில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தை அது அமரும் அடித்தட்டோடு திருகி இறுக்கிவிட முடியாது. இடது பெடலை மிதித்தால் சட்டம் முழுவதும் வலப்பக்கம் நகர வேண்டும். மூன்று தந்தியை அடிக்கும் சுத்தியல் அப்போது இரண்டைத்தான் தொடும். நகரவும் வேண்டும், ஆடவும் கூடாது. நம் வேலை அங்கேதான்.

ஆக்‌ஷன் என்ற சுத்தியல் பொறியைப் பூட்டியபடியே, கீகளின் இரு பக்கமும் வரும் ஓரக்கட்டைகளையும் பொருத்திவிட்டுப் பார். அவற்றின் அழுத்தத்தில்தான் சட்டம் உண்மையாக அமரும். சட்டத்தின் நடுக்கட்டையில் உள்ள திருகு குமிழ்களை முதலில் மேலேற்றி, அடித்தட்டைத் தொடாமல் வை. பிறகு சட்டத்தின் முன்கட்டையை விரல் முட்டியால் நெடுகத் தட்டிக்கொண்டே போ. 'டொக்' என்று இரட்டைச் சத்தம் வந்தால் அங்கே இடைவெளி. காகிதத் துண்டை அடியில் செருகி இழு. இறுக்கிப் பிடிக்கும் இடம்தான் மேடு. உப்புத்தாளின் சொரசொரப்பு மேலே இருக்கும்படி செருகி, மேட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய். சத்தம் வரும் இடத்தைத் தேய்த்தால் பள்ளம்தான் பெரிதாகும்.

முன்கட்டையில் சத்தம் அடங்கியதும் குமிழ்களை ஒவ்வொன்றாக இறக்கு. நடுக்கட்டையில் சத்தம் நிற்கும் நொடியில் கையை எடுத்துவிடு. கால் சுற்று கூடினாலும் கட்டை தூக்கிக்கொள்ளும். கீ மட்டமும் அமுங்கும் ஆழமும் மாறிப்போகும்.

இதற்குப் பிறகுதான் மற்ற அளவுகள்: கீ மட்டம், சுத்தியலுக்கும் தந்திக்கும் நடுவே சுமார் 45 மில்லிமீட்டர், கீ அமுங்க சுமார் 10. 1821-இல் பியானோ தயாரிப்பாளர் எரார் காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்பு முறையில், கீ முழுக்க எழும் முன்பே சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். அவ்வளவு நுணுக்கமான பொறியை ஆடும் சட்டத்தின்மேல் வைத்து அளந்தால், இன்று சரிசெய்தது நாளைக்கே பிசகும். வாசிப்பவர் "ஒலி மந்தம்" என்பார். நீ சுத்தியலைக் குறை சொல்வாய்.

வேலை முடிந்தது என்று தோன்றும்போது, இடது பெடலை மிதித்தபடி இன்னொரு முறை தட்டிப் பார். அப்போதும் சத்தமில்லை என்றால் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்