பிரஷர் ஸ்விட்சில் கை வைக்கும் முன்

பிரஷர் பம்ப் 'டக் டக்' என்று நொடிக்கொரு தரம் ஓடி ஓடி நின்றால், பலரும் முதலில் திருகுவது ஸ்விட்சைத்தான். பெரும்பாலும் கோளாறு பக்கத்திலுள்ள பிரஷர் டேங்கில் இருக்கும். அதன் காற்று வால்வை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். காற்று மட்டும் குறைந்திருந்தால் பம்பை அணைத்து, குழாயைத் திறந்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக. 20-ல் ஓடினால் 18.

ஸ்விட்ச் மூடியைக் கழற்றும் முன் எம்சிபியை இறக்குங்கள். மோட்டார் நின்றிருந்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும். டெஸ்டரை வேறொரு பிளக்கில் சோதித்துவிட்டு இங்கே வைத்துப் பாருங்கள்.

பல ஸ்விட்சுகளில் இரண்டு ஸ்பிரிங். பெரியதன் நட்டை வலப்புறம் திருகினால் ஓடும் அழுத்தம், நிற்கும் அழுத்தம் இரண்டும் ஏறும். சின்னது நிற்பதை மட்டும் மாற்றும். அரைச் சுற்று போதும். மூடியை மாட்டி, ஓட்டி, கேஜைப் பாருங்கள். பம்பால் எட்ட முடியாத அளவுக்கு ஏற்றிவிட்டால் மோட்டார் நிற்காமல் ஓடிக் காயில் கருகும். ஓடும் அழுத்தத்தை மாற்றினால் டேங்க் காற்றையும் மாற்றியாக வேண்டும். இதைப் பிளம்பர்களே மறப்பதுண்டு.

கான்டாக்டுக்கு நடுவே எறும்பு நசுங்கி ஒட்டியிருந்தால் கெட்டி அட்டையால் துடைக்கலாம். கருகிக் குழி விழுந்திருந்தால் புது ஸ்விட்ச்தான். உப்புத் தண்ணீர் ஊர்களில் ஸ்விட்சுக்கு ஏறும் சிறு குழாயே அடைத்துக்கொள்ளும். அதையும் கழற்றிக் குத்திவிடுங்கள்.