ஆசைப்பட்ட புல்லட்டுக்குப் பணம் கட்டுவது எப்படி?

மட்டாஞ்சேரியில் கடைத்தெரு குறுகலானது. ஒரு பக்கம் மிளகுக் கிடங்கு. மறுபக்கம் சுக்குக் கிடங்கு. நடுவில் சரக்கு வண்டிகள். அந்தத் தெருவுக்குள் ஒரு புல்லட் வந்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்க ஆசைப்படுபவர்கள் பலர்.

புல்லட் தமிழ்நாட்டோடு உறவுள்ள வண்டி. 1955-இல் சென்னையில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன. இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போனது. திருவொற்றியூரில் செய்த வண்டி நிலைத்தது. கேரளத்துச் சாலைகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

சிலருக்கு ஆசை புல்லட் மேல். சிலருக்கு ஸ்போர்ட்ஸ் கார் மேல். ஆசை எதுவானாலும் பணம் கட்டும் கணக்கு ஒன்றுதான். காருக்குச் சில பூஜ்ஜியங்கள் கூடும், அவ்வளவே.

கிடங்கில் வேலை செய்யும் ஓர் இளைஞர் புல்லட் வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். கையில் சேமிப்பு 50,000 ரூபாய். வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து வண்டியின் விலை 2,00,000 ரூபாய். பாக்கி 1,50,000 ரூபாய்க்கு என்ன செய்வது?

வண்டிக் கடையிலேயே கடன் தருபவர் உட்கார்ந்திருப்பார். "10 சதவீதம் வட்டிதான். 3 வருடத்தில் கட்டலாம். இன்றே வண்டியை எடுத்துப் போகலாம்" என்பார். 10 சதவீதம் என்பது குறைவாகத்தான் தெரியும். ஆனால் 10 சதவீதத்தில் இரண்டு வகை உண்டு.

ஒன்று ஃபிளாட் வட்டி. கடன் 1,50,000 ரூபாய். அதற்கு ஒரு வருட வட்டி 15,000 ரூபாய். 3 வருடத்துக்கு 45,000 ரூபாய். அசலும் வட்டியும் சேர்ந்து 1,95,000 ரூபாய். அதை 36 தவணையாகப் பிரித்தால் மாதம் 5,417 ரூபாய்.

மற்றொன்று, பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையும் முறை. இதில் அதே கடனுக்கு, அதே 10 சதவீதத்துக்கு, மாதத் தவணை சுமார் 4,840 ரூபாய். மொத்த வட்டி சுமார் 24,250 ரூபாய்.

இரண்டுக்கும் பேர் 10 சதவீதம். வித்தியாசமோ 20,000 ரூபாய்க்கு மேல்! கிடங்கில் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் அது.

இது எப்படி நடக்கிறது? கடன் வாங்கியவர் மாதாமாதம் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறார். பாதி நாள் கழிந்தபின் அவர் கையில் உள்ள கடன் ஏறக்குறைய பாதிதான். ஃபிளாட் முறையில் அந்தக் கணக்கே இல்லை. கடைசி மாதத்திலும் முழு 1,50,000 ரூபாய்க்கு வட்டி. இரண்டாவது முறையில் கணக்கிட்டால், ஃபிளாட் 10 சதவீதம் என்பது ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம். "ஃபிளாட்டா, பாக்கிக்கு மட்டும் வட்டியா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இளைஞர் வீட்டுக்கு வருகிறார். அவருடைய அக்கா தையல் வேலை செய்பவர்.

"மாதம் 5,417 தானே அக்கா, கட்டிவிடலாம்" என்கிறார் தம்பி.

"பெட்ரோலுக்கு?" என்று அக்கா கேட்கிறார்.

"அது ஒரு 2,000 ஆகும்."

"மழைக்காலத்தில் சரக்கு வரத்து குறைந்தால் உன் கூலியும் குறையும். தவணை குறையுமா, தம்பி?"

தம்பியிடம் பதில் இல்லை. அக்கா தையல் கணக்கு நோட்டை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதுகிறார்.

"இந்த 5,417-ஐக் கடன்காரனுக்குக் கட்டாமல் உன் பேரில் வங்கியில் போட்டுக்கொண்டே வா. 28 மாதத்தில் ஒன்றரை லட்சம் சேர்ந்துவிடும். கடனென்றால் 36 மாதம். சேமிப்பென்றால் 28 மாதம்."

"அதுவரை வண்டி இல்லையே அக்கா!"

தம்பி சொல்வதும் நியாயம்தான். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். தூரத்தில் வேலை இருந்து, வண்டி இருந்தால் தினமும் பேருந்துச் செலவும் நேரமும் மிச்சமாகும் என்றால், கடன் வாங்குவதில் தவறில்லை. நடந்து போகிற தூரத்தில் கிடங்கு இருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை.

"அதற்குள் விலை ஏறிவிடும்" என்று கடையில் பயமுறுத்துவார்கள். ஏறலாம். இறங்கவும் செய்யலாம். 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 349 சி.சி. உள்ள புல்லட் 350-உம் அதில் அடங்கும். அதே நாளில், 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் பெரிய கார்களுக்கும் வரி 40 சதவீதம் என்று ஆனது.

கடனுக்கும் சேமிப்புக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கேரளத்தில் அதைச் சிட்டி என்பார்கள். தமிழ்நாட்டில் சீட்டு. 1969-இல் கேரள அரசே இதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியது. அதுதான் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட கே.எஸ்.எஃப்.இ.

ஒரு சிட்டியில் 40 பேர். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். சேர்வது 2,00,000 ரூபாய். அவசரம் உள்ளவர் தள்ளி எடுக்கலாம். 30 சதவீதம் தள்ளி எடுத்தால் அவர் கைக்கு வருவது 1,40,000 ரூபாய். தள்ளிய 60,000 ரூபாயில் நிறுவனத்தின் கமிஷன் 10,000 ரூபாய். மீதி 50,000 ரூபாய் 40 பேருக்கும் பங்காகும். அதனால் ஆளுக்கு 5,000 ரூபாய்க்குப் பதில் 3,750 ரூபாய் கட்டினால் போதும்.

நம் இளைஞர் தொடக்கத்திலேயே தள்ளி எடுத்தால் அவருக்கு இன்னும் 10,000 ரூபாய் குறைகிறது. பாதிக் காலம் பொறுத்தால் தள்ளுபடி குறையும், கைக்கு வருவது கூடும். தள்ளி எடுத்த பணத்தை வாங்க ஜாமீன் கேட்பார்கள். அதை முதலிலேயே விசாரிக்க வேண்டும். தெருவில் யாரோ நடத்தும் பதிவு செய்யாத சீட்டில் சேர வேண்டாம். நடத்துபவர் ஓடிப்போனால் வண்டியும் இல்லை, பணமும் இல்லை.

நகையை அடகு வைத்து வண்டி வாங்குபவர்களும் உண்டு. பணம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் வண்டி ஓட ஓட அதன் மதிப்பு குறையும். நகை அப்படித் தேயாது. மீட்க முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். பெரும்பாலும் அது அம்மாவின் நகை அல்லது மனைவியின் நகை. சம்மதம் கேட்க வேண்டியது அவர்களிடம். சில மாதங்களில் மீட்கப் பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி இது நல்ல வழி அல்ல.

எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. மட்டாஞ்சேரி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே படிக்கக் கற்றவர்கள் முதலில் பேருந்துப் பலகையைப் படித்தார்கள், பிறகு செய்தித்தாளைப் படித்தார்கள். கடன் காகிதமும் படிக்க வேண்டிய ஒன்றே. அதைப் படிக்காமல் விட்டால் பணம் போகும்.

2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கு முன் ஒரு விவரத் தாள் தர வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் கட்டளை. கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அந்தத் தாளில் இருக்கும். ஃபிளாட் வட்டியின் வேஷம் அங்கே கலைந்துவிடும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். மலையாளம் படிக்கத் தெரியாத தமிழர், தமிழில் கேட்கலாம். தாளைப் பார்த்து முடிவு செய்யக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு. "இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால், தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். வெற்றுத் தாளில் மட்டும் யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.

தவணை தவறினால் வசூலுக்கு ஆள் வரலாம். ஆனால் மிரட்டக் கூடாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்து தொல்லை தரக் கூடாது. இதுவும் ரிசர்வ் வங்கியின் விதி.

கடைசித் தவணை கட்டினதும் வேலை முடிந்துவிடாது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில், அதாவது ஆர்.சி.யில், கடன் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். அவரிடம் பாக்கி இல்லை என்ற சான்றும், படிவம் 35-இல் கையெழுத்தும் வாங்க வேண்டும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். நீக்காமல் விட்டால் பின்னால் வண்டியை விற்கப் போகும்போது தகராறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்:

ஒருவர் பழைய புல்லட் வாங்க 60,000 ரூபாய் கடன் வாங்குகிறார். வட்டி 12 சதவீதம், ஃபிளாட். காலம் 2 வருடம். மொத்த வட்டி எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு? அதே தவணைத் தொகையை மாதாமாதம் சேமித்தால் 60,000 ரூபாய் சேர எத்தனை மாதம் ஆகும்?

(விடை: வட்டி 14,400 ரூபாய். தவணை 3,100 ரூபாய். சேமித்தால் 20 மாதம்.)